மாசம் ஆறரை மூட்டை நெல்

கீழ்க்கட்டளையில் நாலு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில், மூணு வேளை சாப்பாடு, மாசம் 6,500 ரூபாய். என் மகன் இருக்கிற ஹாஸ்டல் கணக்கு இது. அதே தெருவில் ஏசி ரூம், ரெண்டு பேர் ஷேரிங் என்று போனால் பத்தாயிரத்தைத் தாண்டும். மலிவா வேணும்னா ஆறு பேர் ரூம், சாப்பாடு இல்லாம 3,500-க்கும் இருக்கு. போய்ப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு 6,500 என்பது ஒரு தொகை. எனக்கு அது மூட்டை. 2025-26 பருவத்துக்கு அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சாதா ரகம் குவிண்டால் 2,500 ரூபாய். மத்திய அரசு விலை 2,369, அதுக்கு மேல மாநில அரசு ஊக்கத்தொகை 131. அங்கே மூட்டை என்றால் 40 கிலோ. ஆக, ஒரு மூட்டை சரியா ஆயிரம் ரூபாய். கணக்குப் போட ரொம்ப வசதி. மாசம் ஆறரை மூட்டை. லீவு போக வருஷத்துக்குப் பத்து மாசம் என்று வைத்தால் 65 மூட்டை.

எங்க கழனியில் ஏக்கருக்கு 55 மூட்டை வந்தால் நல்ல விளைச்சல். அதாவது 55,000. உழவு, நாத்து, நடவு ஆள், உரம், மருந்து, அறுப்பு மிஷின் எல்லாம் சேர்ந்து 32,000 போயிடும். கையில் நிக்கிறது 23,000. எனக்கு இருக்கிறது ரெண்டரை ஏக்கர். ஒரு போகம் முழுசா விளைஞ்சு, மழை கெடுக்காம, மூட்டை நனையாம எடை போட்டாலும் மீதி 57,500. கட்டிலுக்கு 65,000.

ஒரு போகம் ஒரு கட்டிலுக்குப் பத்தலை. இதில் காலேஜ் கட்டணம் இன்னும் வரவே இல்லை. அது வருஷத்துக்கு 45,000. படிப்பைவிடப் படுக்கைக்குக் காசு ஜாஸ்தி என்பதை நான் நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் என் வீட்டம்மா நம்பினாங்க.

இந்தப் பக்கத்தில் வழக்கமா நாத்தங்கால், மாடு, ஏரித் தண்ணி என்று எழுதுறவன், இப்போ ஹாஸ்டலைப் பத்தி எழுதுறேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு எங்க ஊரில் நாலு பேர் களத்துமேட்டில் உட்கார்ந்தால் பேச்சு இதுதான். பிள்ளைங்க ப்ளஸ் டூ தாண்டுறது இப்போ பெரிய விஷயமில்லை. சீட் வாங்குறதும் பெரிய விஷயமில்லை. கலைக் கல்லூரியில் சீட் கூப்பிட்டுக் கொடுக்கிறாங்க. பையனை எங்கே படுக்க வைக்கிறது என்பதில்தான் எல்லாம் நிக்குது.

எங்க ஊர் உத்திரமேரூர் பக்கம். "அங்கேயிருந்து தினம் போய்ட்டு வரலாமே, எத்தனையோ பேர் வர்றாங்களே" என்று சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார். போய்ப் பார்த்தான். ஆறு வாரம். விடியக்காலை 4.50-க்கு ஊரில் பஸ். உத்திரமேரூரில் மாறி செங்கல்பட்டு. அங்கே எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் பல்லாவரம். இறங்கி இன்னொரு பஸ். ஒரு வழிக்கு ரெண்டே முக்கால் மணி நேரம், ட்ரெயின் தவறாமல் இருந்தால். லேப் இருக்கிற நாளில் காலேஜ் விட அஞ்சு மணி. வீடு வந்து சேர ஒன்பது. சாப்பிட்டுப் படுத்தால் திரும்ப நாலு மணிக்கு எழுப்பணும். மூணாவது வாரத்திலிருந்து ட்ரெயினில் நின்னுக்கிட்டே தூங்கினான். சீசன் டிக்கெட் செலவு ஒண்ணுமே இல்லை, அதை மறுக்க மாட்டேன். உடம்புதான் செலவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன் ராத்திரி கம்ப்யூட்டரைத் திறக்கவே நேரம் இல்லாமல் மூணு வருஷம் ஓட்ட முடியுமா?

காலேஜ் ஹாஸ்டலை முதலில் கேட்காமலா இருப்போம்? கேட்டோம். இருந்த இடம் கொஞ்சம். கட்டணம் ஒரு வருஷத்துக்கு மொத்தமா, ஒரே தவணையில், சேர்ற அன்றைக்கே. தொண்ணூறாயிரத்துக்கு மேல். பாதி இப்போ, பாதி தை மாசம் என்று கேட்டதுக்கு, கவுண்டரில் இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க: "சார், சிஸ்டம் எடுக்காது." எங்க தை மாசம் அந்த சிஸ்டத்தில் இல்லை.

அடுத்தது சொந்தக்காரர் வீடு. எங்க அப்பா தலைமுறையில் கிராமத்துப் பிள்ளைக்குப் பட்டணத்து ஹாஸ்டல் என்றால் அத்தை வீடு, சித்தப்பா வீடுதான். ஒரு மூட்டை அரிசி, கொல்லையில் காய்ச்ச முருங்கை, கத்திரி, தீபாவளிக்குக் கோழி என்று கொண்டுபோய்ப் போட்டால் பையன் ரெண்டு மூணு வருஷம் கூடத்தில் பாய் விரிச்சுப் படிச்சிடுவான். அந்த வீடுகளில் கூடம் இருந்தது, திண்ணை இருந்தது. இன்றைக்கு என் தங்கச்சி மேடவாக்கத்தில் இருக்காங்க. ஒரு பெட்ரூம் ப்ளாட். பிள்ளைங்க ரெண்டு. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்கணும். "அண்ணா, அவன் எனக்கும் பையன்தானே, அனுப்பு" என்று தங்கச்சி சொன்னது நிஜமான அன்பு. ஆனா அந்த வீட்டில் அவன் கால் நீட்ட எங்கே இடம்? அவங்க சொல்லாமலே நமக்குத் தெரியணும் இல்லையா. மூணு நாள் இருந்துட்டு வந்துட்டான். வரும்போது அத்தை கொடுத்த சாம்பார்ப் பொடியோட வந்தான்.

அப்புறம்தான் கீழ்க்கட்டளை. ஏன் அங்கே? மேப்பில் பாருங்க. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போற இருநூறடி ரோடும் மேடவாக்கம் மெயின் ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடம். பஸ் ஸ்டாண்டு இருக்கு. பல்லாவரம், தாம்பரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எந்தப் பக்கத்துக் காலேஜுக்கும் அங்கிருந்து போகலாம். வேளச்சேரி வாடகை இன்னும் முழுசா வந்து சேரலை. "இன்னும்" என்று சொல்வதைக் கவனிங்க. மெட்ரோவின் மாதவரம் - சோழிங்கநல்லூர் தடம் அந்த வழியாத்தான் வருது, தூண் நிக்குது. ரயில் ஓட ஆரம்பிச்சா இந்த 6,500 என்ன ஆகும் என்று ஹாஸ்டல்காரருக்கே தெரியும். சிரிச்சார்.

முதல் நாள் போனபோது நான் பார்த்தது ஏரியை. பழக்க தோஷம். கீழ்க்கட்டளை ஏரி நிறைஞ்சா உபரித் தண்ணி நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும். ஏரி என்றால் மதகு உண்டு, கலங்கல் உண்டு, கீழே கழனி இருந்திருக்கும். இப்போ அந்தக் கழனி இருந்திருக்க வேண்டிய பக்கமெல்லாம் மூணு மாடி வீடு, வீட்டுக்கு வீடு டூ-லெட் போர்டு. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி வந்தபோது அதுக்குள்ளே போய்விட்ட ஊர். நெல் விளைஞ்ச இடத்தில் இப்போ வாடகை விளையுது. அதுவும் மாசா மாசம், மழை பார்க்காம. பொறாமை இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

ஹாஸ்டல் நடத்துறவரைக் கெட்டவர் என்று நான் எழுதினால் அது அநியாயம். வந்தவாசிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை அவர். வீட்டை ஓனரிடம் மாச வாடகைக்கு எடுத்து, தடுப்புப் போட்டு, கட்டில் போட்டு நடத்துறார். போர் தண்ணி உப்பு. குடிக்கக் கேன், வெயில் காலத்தில் லாரித் தண்ணி. சமையல் மாஸ்டர் சம்பளம். மே மாசம் பாதி கட்டில் காலி. அவர் நோட்டை என்கிட்ட காட்டினார். என் நோட்டை நான் அவர்கிட்ட காட்டலை. ஞாயிற்றுக்கிழமை சிக்கன் போடுறார். அட்வான்ஸ் ஒரு மாசம், மெயின்டனன்ஸ் ஆயிரம், அது திரும்பி வராது. பக்கத்து ஹாஸ்டல் ஒண்ணில் "ஜி.எஸ்.டி. தனி" என்று சொன்னாங்க. இதை மட்டும் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்குங்க: 2024 ஜூனில் நடந்த 53-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில், ஒருத்தருக்கு மாசம் 20,000 ரூபாய்க்குள்ளே, தொடர்ந்து 90 நாளாவது தங்குறதா இருந்தா, அந்தத் தங்குமிடத்துக்கு வரி கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதே வருஷம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் ஹாஸ்டல்காரங்க போட்ட வழக்கில் இதே மாதிரிதான் சொன்னது. நம்ம பிள்ளைங்க யாரும் இருபதாயிரம் ரூம்ல இல்லை.

தனியா வீடு எடுத்தால் மலிவுதான். அதையும் பார்த்தோம். மாடியில் ஒரு பெட்ரூம் போர்ஷன், வாடகை 12,000. நாலு பசங்க சேர்ந்தால் தலைக்கு மூவாயிரம். கரண்ட், கேஸ், தண்ணி, அரிசி பருப்பு எல்லாம் சேர்த்தாலும் 5,500-க்குள்ளே முடிஞ்சிடும். மாசம் ஒரு மூட்டை மிச்சம். ஆனா அட்வான்ஸ் பத்து மாசம், 1,20,000. பேசிப் பேசி எண்பதாயிரத்துக்கு வந்தாங்க. தலைக்கு இருபதாயிரம் ஆடி மாசத்தில் எடுத்து வைக்க முடிஞ்சவனுக்குத்தான் அந்த ஒரு மூட்டை மிச்சம். முடியாதவன் மாசா மாசம் ஆயிரம் ஜாஸ்தி கொடுத்துக்கிட்டே இருக்கணும். காசில்லாதவன்கிட்டதான் காசு ஜாஸ்தி வாங்குறாங்க. யாரும் திட்டம் போட்டுப் பண்ணலை, அப்படி அமைஞ்சுடுச்சு.

சட்டம் இருக்கே என்பீங்க. இருக்கு. 2017-ல் போட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கூடாதுன்னுதான் சொல்லுது. கூடவே, வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர, என்று ஒரு வாலும் இருக்கு. பத்து மாசம் கேட்கிற ஓனர், அந்த வாலைப் பிடிச்சுத்தான் ஒப்பந்தம் எழுதுறார்.

இன்னொரு சங்கடம், முதல் வருஷப் பிள்ளைக்கு மட்டுமே உள்ளது. பதினேழு வயசு. பதினெட்டு ஆகாதவன் போட்ட கையெழுத்து ஒப்பந்தத்தில் செல்லாது. அப்பன் கையெழுத்துப் போடணும். அப்பன் உத்திரமேரூரில் இருக்கான். "லோக்கல்ல யாராவது பொறுப்பு எடுத்துக்குவாங்களா?" என்று ஓனர் கேட்பார். நியாயமான கேள்விதான். அப்புறம் "நீங்க என்ன ஆளுங்க?" என்பார். அது நியாயமான கேள்வி இல்லை; ஆனா கேட்காத வீடு அஞ்சில் ஒண்ணுதான் இருந்தது. ஒரு வீட்டில் சைவம் மட்டும். ஒரு வீட்டில் பேச்சுலர் கிடையாது. பதினேழு வயசுப் பையன் பேச்சுலராம். அவங்க அம்மா கேட்டுட்டு சிரிச்சிட்டாங்க.

செகண்ட் இயர் பசங்களுக்கு இந்தப் பிரச்சினை பாதி இல்லை. கூட்டு சேர்ந்திருப்பான், வயசு ஆகியிருக்கும், காலி பண்ற சீனியர் வீடு கைமாறும், எந்த மெஸ்ஸில் என்ன கிடைக்கும்னு தெரியும். முதல் வருஷத்தில்தான் ஒருத்தரையும் தெரியாது, எல்லாப் பணமும் ஒரே நேரத்தில் வந்து விழும். பாயும் வாளியும் வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து, முதல் மாசம் கொடுத்து, நான் அன்றைக்குக் கொடுத்தது 18,900. அதுக்கு முந்தின மாசம் காலேஜ் கட்டணம் முதல் செமஸ்டர்.

எந்த மாசத்தில் என்று பாருங்க. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நவரை அறுத்த காசு கோடையில் கடன் அடைச்சுத் தீர்ந்திருக்கும். சம்பாவுக்கு அப்போதான் உழவு, விதை, உரம். ஆடிப் பட்டத்தில் விவசாயி காசை மண்ணில் போடுவான், எடுக்க மாட்டான். வீட்டில் இருக்கிற நகை ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த மூணு மாசத்தில்தான் தமிழ்நாட்டில் இருக்கிற எல்லாக் காலேஜும், எல்லா ஹாஸ்டலும், எல்லா ஓனரும் ஒரே நேரத்தில் கை நீட்டுறாங்க. மாசச் சம்பளக்காரருக்கு இது கஷ்டமான மாசம். எங்களுக்கு அது காசே இல்லாத மாசம். தை, மாசியில் கேளுங்க, ஒரு வருஷ வாடகையை மொத்தமாக் கூடக் கொடுப்போம்.

மாசா மாசம் 6,500 எங்கிருந்து போகுதுன்னு கேட்டால், பால். ரெண்டு கறவை. அந்த சொசைட்டி காசு அப்படியே கீழ்க்கட்டளைக்குப் போகுது. மாடு வத்தின மாசம் கைமாத்து. முன்னே அந்தக் காசில் வீட்டு மளிகை நடந்தது.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். அரசுப் பள்ளியில் படிச்ச பிள்ளைங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலிருந்து, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலிருந்து. என் பையனுக்கு வருது. மாசம் ஒரு மூட்டை. மீதி அஞ்சரை நம்மது. 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்குப் போற அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூணையும் அரசே கட்டும்னு 2021 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவிச்சார். ரொம்பப் பெரிய காரியம். ஆனா எங்க ஊரில் பத்தில் ஏழு பிள்ளை பி.காம்., பி.எஸ்ஸி., பி.ஏ.தான் போகுது. அங்கே அந்த ஒதுக்கீடு கிடையாது.

அரசு நலத்துறை விடுதிகள் இருக்கு. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படிச்சு எத்தனை பேர் வக்கீலா, அதிகாரியா வந்திருக்காங்க! பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வருமான வரம்பு உண்டு, வீடு காலேஜிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு மேல இருக்கணும், பெண்களுக்கு அந்தத் தூர விதி கிடையாது. சாப்பாட்டுக்கு ஒரு மாணவனுக்கு மாசம் 1,100 என்று இருந்ததை 2023-ல் 1,500 ஆக்கினாங்க. அந்த 1,500-ல் வேளாவேளைக்குச் சோறு போடுற விடுதிக் காப்பாளர் யாரையாவது பார்த்தால் எனக்குக் கும்பிடணும் போல இருக்கு. ஆனா காலேஜில் சேர்ந்த பிறகுதான் அதுக்கு விண்ணப்பம். காலேஜ் தொடங்கிடும், பிள்ளை எங்கேயாவது தங்கியே ஆகணும், இடம் கிடைச்சுதா இல்லையான்னு தெரிய நாளாகும். நடுவில் இருக்கிற அந்த ரெண்டு மாசத்தில்தான் நிறையப் பிள்ளைங்க டி.சி. வாங்கிட்டு வர்றது.

உதவித்தொகைக் கணக்கையும் பாருங்க. எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகையை 2021-ல் திருத்தினாங்க. பி.ஏ., பி.எஸ்ஸி. மாதிரி படிப்புக்கு, விடுதியில் தங்கினால் படிப்புப் படி வருஷத்துக்கு 6,000. வீட்டிலிருந்து போனால் 3,000. அந்த ஆறாயிரம் கீழ்க்கட்டளையில் ஒரு மாசக் கட்டில்கூட இல்லை. இதில் வெளியே ரூம் எடுத்துத் தங்குற பிள்ளை எந்தக் கணக்கு? வீட்டில் இல்லை. விடுதியிலும் இல்லை. 2010-ல் அதே திட்டத்துக்கு வந்த வழிகாட்டு நெறியில் நல்ல ஏற்பாடு ஒண்ணு இருந்தது: காலேஜ் ஹாஸ்டலில் இடமில்லாமல் குறைஞ்சது அஞ்சு மாணவர்கள் சேர்ந்து வெளியே இடம் எடுத்து, பொதுச் சமையலோட தங்கினால், காலேஜ் முதல்வர் பார்த்து அத்தாட்சி கொடுத்தா, அதையும் விடுதியாகவே எடுத்துக்கலாம். யாரோ ஒரு அதிகாரி நம்ம பிள்ளைங்க எப்படித் தங்குறாங்கன்னு நேரில் பார்த்துட்டு எழுதின மாதிரி இருக்கு. இதை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும், எல்லா உதவித்தொகைக்கும் கொண்டுவந்தால் என்ன?

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கிறான். அந்த நாட்டு மாணவர்களுக்குக் கொடுக்கிற பாஃபெக் என்கிற உதவியில் தங்கும் செலவுக்கென்றே ஒரு பங்கு இருக்காம். அப்பா அம்மா வீட்டில் இருந்தால் மாசம் 59 யூரோ, வெளியே தங்கினால் 2024-லிருந்து 380 யூரோ. ஹாஸ்டலா, வாடகை ரூமா என்று கேட்பதில்லை. பெற்றோர் வீட்டில் இருக்கிறாயா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. நம்ம ஊரில் அந்தத் தொகை வராது, தெரியும். அந்தக் கேள்வியாவது வரலாமே.

வங்கிக்குப் போகலாம் என்பவர்களுக்கு: கல்விக் கடனில் வெளியே தங்கும் செலவையும் நியாயமான அளவுக்குச் சேர்க்கலாம் என்று வங்கிகளின் பொதுத் திட்டத்திலேயே இருக்கு. முதலிலேயே மொத்தக் கணக்கில் சேர்த்து எழுதுங்க. ஹாஸ்டலில் லெட்டர்பேடில் ரசீது கேட்டு வாங்குங்க; துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை வங்கியில் பார்க்க மாட்டாங்க.

பக்கத்துக் கழனிக்காரர் மகளைப் பத்திச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. போன வருஷம் ப்ளஸ் டூவில் 512 மார்க். தாம்பரம் பக்கத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சீட் வந்தது. புதுமைப் பெண் ஆயிரமும் வந்திருக்கும். காலேஜ் ஹாஸ்டல் நிறைஞ்சுடுச்சு. வெளியே பெண்கள் ஹாஸ்டல் 7,500 கேட்டாங்க. அண்ணன் ரெண்டு நாள் ஒண்ணும் பேசலை. மூணாவது நாள் ஊருக்குள்ளே வர்ற கம்பெனி பஸ்ஸில் ஏத்திவிட்டார். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. சம்பளம் பதினாலாயிரம், தங்க இடம் கம்பெனியே கொடுக்குது, சாப்பாடும்.

அந்த அண்ணனை நான் எப்படிக் குறை சொல்வேன்? வேலைக்குப் போனால் கட்டில் தயாரா இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டின குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தாங்க. 706 கோடி ரூபாய்க்கு மேல செலவு, பாக்ஸ்கான் கம்பெனியில் வேலை பார்க்கிற 18,720 பெண்கள் தங்க. தாம்பரம் சானடோரியத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்குத் தோழி விடுதி 2023-ல் வந்தது. ரெண்டும் நல்ல காரியம், எங்க ஊர்ப் பெண்கள் நிம்மதியா வேலைக்குப் போக முடியுது. பதினெட்டாயிரம் கட்டில் ஒரே இடத்தில் போட முடியும்னு தெரிஞ்சுபோச்சு இல்லையா? அப்போ பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், இத்தனை காலேஜ் இருக்கிற இடத்தில், முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு ரெண்டாயிரம் கட்டில் போட முடியாதா? 2025-26 பட்ஜெட்டில் சென்னை, கோவை, மதுரை மூணு ஊரிலும் ஆயிரம் மாணவியர் தங்கும் விடுதிகள், 275 கோடியில், என்று அறிவிச்சிருக்காங்க. ஆரம்பம் நல்லாத்தான் இருக்கு. ஆயிரம் என்பது ஒரு நல்ல காலேஜின் ஒரு வருஷச் சேர்க்கை.

1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது வகுப்பறை மட்டும் கட்டிட்டு வரலை. சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று மூணு விடுதியோட வந்தது. காட்டுக்குள்ளே காலேஜ் வச்சா பிள்ளை எங்கே தங்கும்னு யோசிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் தென்சென்னையைச் சுத்தி வந்த காலேஜுகளில் எத்தனை அப்படி யோசிச்சுது? காலேஜ் பஸ் வாங்கினாங்க. செங்கல்பட்டு வரைக்கும் பஸ் வருது. எங்களுக்கு அதுக்கப்புறம்தான் தூரமே.

இதைப் படிக்கிறவங்களில் கீழ்க்கட்டளையிலோ மடிப்பாக்கத்திலோ கோவிலம்பாக்கத்திலோ மாடியை வாடகைக்கு விடுறவங்க நிச்சயம் இருப்பீங்க. உங்ககிட்ட நான் கேட்கிறது தானம் இல்லை. வாடகையைக் குறைக்கவும் சொல்லலை. அட்வான்ஸை மூணு மாசத்தோட நிறுத்துங்க, அல்லது பாதியை ஜூலையிலும் பாதியைத் தை மாசமும் வாங்குங்க. பையன் ஓடிட மாட்டான். அவங்க அப்பன் கழனியைத் தூக்கிட்டு எங்கே ஓடுவான்? காலேஜ் நடத்துறவங்களுக்கும் இதேதான். ஹாஸ்டல் இடத்தில் ஒரு பங்கை, அம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர்ற முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குங்க. மாசா மாசம் கட்ட விடுங்க. அரசாங்கம் அந்த ஆயிரம் ரூபாயை, ஊரை விட்டு வெளியே தங்குற பிள்ளைக்கு முதல் வருஷம் மட்டுமாவது மூவாயிரமாக் கொடுக்கட்டும், அதுவும் ஜூலையில் கொடுக்கட்டும். மூணு மூட்டை. மீதி மூணரையைப் பால் பார்த்துக்கும்.

பக்கத்துக் கழனிக்காரர் மகள் இந்த வருஷம் திரும்ப அப்ளிகேஷன் போடப் போகுது. கம்பெனியில் பத்து மாசம் பார்த்ததில் நாற்பதாயிரம் தனியா வச்சிருக்கு, அப்பாவுக்குக்கூடச் சொல்லாமல். என் வீட்டம்மாகிட்டதான் சொல்லியிருக்கு. அது ஒரு வருஷத்துக்குப் பத்தாது, அஞ்சு மாசத்துக்கு வரும். அதுக்குள்ளே நவரைக் காசு இல்லை, சம்பாக் காசு வந்துடும்னு கணக்குப் போட்டிருக்கு. ஜூன் முதல் வாரம் நானும் என் வீட்டம்மாவும் அந்தப் பொண்ணும் போய் இடம் பார்க்கப் போறோம். பெண்கள் ஹாஸ்டல் என்றால் 2014 சட்டப்படி கலெக்டர்கிட்ட பதிவு பண்ணியிருக்கணும், அந்தச் சான்றிதழை முதலில் கேட்கணும்னு குறிச்சு வச்சிருக்கோம். அதுக்கப்புறம் தண்ணி, அதுக்கப்புறம் வாடகை. கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் 6,500-க்கு மேல போகாத இடம் தெரிஞ்சவங்க இருந்தால் சொல்லுங்க.